கூட்டை மறைத்த இலை

என் அண்ணியை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசி வரை படித்துவிட்டு யாரும் என்னை மனம் திருந்தியவள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளுக்கும் என்னை ஆகாது. கீழ்வீட்டில் அவளும் என் அண்ணனும், மாடி அறையில் நான். பதினோரு வருடமாக ஒரே வாசற்கதவு, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே சண்டை.

என் கல்யாணம் இரண்டே வருடத்தில் முடிந்துபோய், இரண்டு பெட்டியோடு நான் திரும்பி வந்த அன்று அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். அண்ணி பெட்டிகளைப் பார்த்தாள். "மாடி ரூம்ல ஃபேன் ஓடாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். அதுதான் வரவேற்பு. மறுநாள் நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ வந்து ஃபேனைச் சரிசெய்துவிட்டுப் போயிருந்தார்கள். கூப்பிட்டது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். கீழ்த்தளம், ஜன்னல் கிடையாது, கதவுக்குள் ஈயத் தகடு. காலையிலிருந்து சாயங்காலம் வரை "மூச்சை இழுங்க, புடிங்க, அசையாதீங்க, விடுங்க" என்பதுதான் அவள் பேச்சு. வீட்டுக்கு வந்தாலும் அதே குரல்தான். அண்ணன் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தால் "நிமிருங்க" என்பாள், அவனும் நிமிர்ந்துவிடுவான். இடுப்பு உடைந்த பெரியவர் ஒருவர் மேசையில் படுக்க மாட்டேன் என்று அழுதாராம். "வலிக்கும்னு எனக்கும் தெரியும் ஐயா. அசைஞ்சா மறுபடி எடுக்கணும், மறுபடி வலிக்கும். ஒரு தடவை போதுமா, ரெண்டு தடவை வேணுமா?" என்று கேட்டாளாம். பெரியவர் அதற்கப்புறம் அசையவில்லையாம். இதைப் பெருமையாக வேறு சொல்வாள்.

அவள் கண்ணைப் பற்றி மட்டும் நான் குறை சொல்ல முடியாது. ஒரு சின்னப் பெண்ணின் மணிக்கட்டில் மயிரிழை விரிசல் இருந்ததைக் கவனிக்காமல் டாக்டர் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார். அண்ணி படத்தைத் தூக்கிக்கொண்டு அவர் அறை வாசலில் போய் நின்றாள். அவர் மூன்று முறை பார்த்தும் இல்லை என்றார். இன்னொரு முறை பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை இவள் நகரவில்லை. அந்த டாக்டர் இன்றைக்கும் அவளைக் கண்டால் வேறு படிக்கட்டில் இறங்கிப் போகிறார்.

என் பிழைப்பு வேறு. அண்ணனும் நானும் பாஸ்போர்ட் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறோம். ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு, ஒரு கறுப்புக் கோட். கோட் ஒரே அளவு. வருகிறவர்கள் பல அளவு. ஒல்லியானவர்கள் போட்டால் முதுகுப் பக்கம் துணியைக் கொத்தாகப் பிடித்து இரண்டு மூன்று கிளிப் மாட்டிவிடுவேன். முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். பின்னால் பார்த்தால் சிரிப்பு வரும். பக்கத்துக் கடைத் தையல்காரர் எங்கள் கிளிப்பை எடுத்துக்கொண்டு போனால் திருப்பித் தருவதில்லை. அதனால் ஒவ்வொன்றின் பிடியிலும் மஞ்சள் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்திருப்பேன். என் கைப்பையில் எப்போதும் இரண்டு கிடக்கும்.

வசந்தம் தொடங்கினால் ஏரிக்கரைக் காட்டில் ஞாயிறுதோறும் காலை ஆறரைக்கு நடைக் குழு கூடும். இருபது பேர் இருப்போம். பறவை, பூச்சி, பாம்புச் சட்டை, எது கண்ணில் பட்டாலும் படம் எடுப்பதுதான் வேலை. அண்ணி அதில் பதினாலு வருடத்து ஆள். வாரம் ஆறு நாள் ஜன்னலில்லாத அறையில் எலும்பைப் பார்க்கிறவளுக்கு அந்த ஒரு காலைதான் சொந்தம். அங்கே கேமராவை அவள் எடுக்கும் பதவிசைப் பார்த்தால், இந்தக் கைதான் நம் வீட்டுப் பாத்திரங்களை அப்படிப் போட்டு உருட்டுகிறதா என்று எனக்கு ஆத்திரமாக வரும். "நீயும் போயேன்மா, மனசுக்கு நல்லாருக்கும்" என்று அண்ணன் சொன்னதால் ஐந்து வருடத்துக்கு முன் நானும் சேர்ந்தேன். உண்மையில் ஏட்டிக்குப் போட்டியாகத்தான் சேர்ந்தேன்.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற வங்கிக்காரர். நோட்டு அவர் கையில் இருக்கும், சட்டம் அண்ணியுடையது. யாராவது கூட்டைக் கண்டுபிடித்தால் கண்டவர்தான் அதற்குப் பொறுப்பு. பதினைந்து அடி தள்ளி ஒரு பச்சைக் கயிறு கட்டப்படும். கயிற்றைத் தாண்டக் கூடாது. ஆளுக்கு மூன்று நிமிடம். கூட்டுக்கு முன்னால் இலை மறைத்தாலும் கிளை மறைத்தாலும் கை வைக்கக் கூடாது. "அந்த இலையை நம்பித்தான் அது அங்க கூடு கட்டியிருக்கு. வெயிலுக்கும் காக்காவுக்கும் அதுதான் கதவு. உங்க போட்டோவுக்காக அடுத்தவங்க வீட்டுக் கதவைக் கழட்டுவீங்களா?" என்பாள். இடையில் போய்ப் பார்க்கிறவர்கள் நோட்டில் நாளும் நேரமும் எழுத வேண்டும். கை வைத்தவர் பேரைக் கோடு போட்டு அடித்துவிடுவார்கள். அப்புறம் அவர் வர வேண்டாம்.

நான் சேர்ந்த மறுவருடம் பல் டாக்டர் நின்ற இடத்தில் ஒரு குச்சி ஒடிந்து கிடந்தது. "நோட்டைக் குடுங்க" என்று வாங்கி அண்ணியே கோடு போட்டாள். "நான் வரும்போதே ஒடிஞ்சு கிடந்துது மேடம்" என்று அந்த மனுஷன் சொன்னது காற்றோடு போனது. கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் கழற்றிக்கூட உள்ளே வைக்காமல் அவர் அப்படியே திரும்பி நடந்தார்.

அடுத்த வருடம் என் முறை. வசந்தம் முடிந்ததும் நூலகத்தின் கூடத்தில் பத்துப் படங்களைப் பெரிதாக்கி மாட்டுவார்கள். தேர்ந்தெடுப்பது அண்ணியும் வங்கிக்காரரும். நான் ஒரு வாத்துப் படம் கொடுத்தேன். நேராக, தெளிவாக, அருமையான வெளிச்சத்தில் எடுத்திருந்தேன். அண்ணி அதைக் கையில் வாங்கி எல்லாருக்கும் காட்டினாள். "இது வாத்து இல்ல. வாத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் போட்டோ. விசா கிடைச்சிரும்."

இருபது பேரும் சிரித்தார்கள். வங்கிக்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு மூன்று வருடம் என் வயிற்றில் கிடந்து எரிந்தது. அவள் வாயடைத்துப் போகிற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்து அந்தக் கூடத்தில் மாட்ட வேண்டும், அவள் அதற்கு முன்னால் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ராத்திரி படுத்தால் அதே நினைப்பு, காலையில் ஸ்டூலில் ஆள் உட்கார்ந்தால் அதே நினைப்பு.

இந்த வசந்தத்தில் அண்ணி ஒரு ஈப்பிடிப்பான் கூட்டைக் கண்டுபிடித்தாள். பறக்கிற பூச்சியை அந்தரத்திலேயே பிடிக்கும் சின்னப் பறவை அது. கூடு ஒரு தேநீர்க் கோப்பை அளவு, தலைக்குச் சற்று மேலே, கிளை பிரிகிற இடத்தில் இருந்தது. அதன்மேல் உள்ளங்கை அகல இலை ஒன்று கவிழ்ந்திருந்தது. தாய் வந்து உட்கார்ந்தால் வால் தெரியும். குஞ்சுகளின் சத்தம் கேட்கும், ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இருபது பேரும் வாலைத்தான் எடுத்துக்கொண்டு போனோம், அண்ணி உட்பட. "இது போதும்" என்று அவள் சொன்னாள். அவளுக்குப் போதும். புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து மறுபடி போய்ப் பார்த்துவிட்டு, வரும் வழியில் வங்கிக்காரர் வீட்டில் நோட்டு எழுதிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் தனியாகப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. பச்சைக் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனேன். இலையை ஒடிக்கவில்லை, கிள்ளவில்லை. பையிலிருந்த கிளிப்பை எடுத்து அதை அலுங்காமல் பக்கத்துக் கிளையோடு சேர்த்து மாட்டினேன். கோட்டின் முதுகை இழுத்துப் பிடிக்கிற அதே வேலை. முன்னால் இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பிறகு கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து, சட்டப்படி பதினைந்து அடியில் நின்று, பெரிய லென்ஸை வைத்தேன்.

தாய் ஒரு பூச்சியோடு வந்தது. மூன்று வாய்கள் திறந்தன. உள்ளே ஆரஞ்சு நிறம், இளவெயில் ஊடுருவி நரம்புகூடத் தெரிந்தது. பொத்தானை அழுத்தினேன். பத்து வருடமாக "கொஞ்சம் நேராப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லி எடுத்த ஆயிரக்கணக்கான முகங்களில் ஒன்றுகூட எனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை. அதை இப்போது மறைத்துப் பயனில்லை. நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

அதற்குள் நாயோடு இரண்டு பேர் பாதையில் வந்தார்கள். நான் கேமராவை மடியில் மறைத்துக்கொண்டு அந்தப் பக்கமாக நழுவினேன். அவர்கள் போனதும் வந்து கிளிப்பை எடுக்கலாம் என்று நினைத்தேன். அவர்கள் அங்கேயே நின்று பேச ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடங்களில் சேர்க்கை நேரம். கடை வாசலில் பிள்ளைகள் வரிசை நிற்கும். சாயங்காலம் வரலாம் என்று போய்விட்டேன்.

சாயங்காலம் மறந்துவிட்டேன் என்றால் பாதிப் பொய். வெள்ளிக்கிழமை மத்தியானம் நன்றாகவே நினைவு வந்தது. கடையை விட்டுப் போக முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணன் இருந்தான், போயிருக்கலாம். ஒரு இலைதானே என்று தோன்றியது. சனிக்கிழமை நல்ல வெயில். அன்றைக்கும் அந்தப் படத்தைத் திரையில் போட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடு சாய்ந்து கிடந்தது. விளிம்பு பிய்ந்து நார் தொங்கியது. கீழே இரண்டு மூன்று இறகுத் தூவி, வேறெதுவும் இல்லை. தாய்ப் பறவை மட்டும் வாயில் பூச்சியோடு வந்து விளிம்பில் உட்காரும், உள்ளே பார்க்கும், பறக்கும், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே பூச்சியோடு மறுபடி வரும். யாரும் கேமராவைத் தொடவில்லை.

வங்கிக்காரர்தான் கிளிப்பைப் பார்த்தார். எட்டிக் கழற்றி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மஞ்சப் பொட்டு வெச்ச கிளிப். போன மாசம் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தப்ப என் முதுகுலயே நாலு மாட்டினாங்க. உங்க ஸ்டூடியோவோடதுதானே மேடம்?"

அவர் கேட்டது அண்ணியை. நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் நான் வாத்துக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறவள். என்னை ஒரு பொருட்டாக யாரும் வைத்திருக்கவில்லை. அந்த அவமானம் அன்றைக்கு எனக்குக் குடையாக இருந்தது.

"எங்க ஸ்டூடியோ கிளிப்தான்" என்றாள் அண்ணி.

"நோட்டுல கடைசியா இருக்கறது உங்க பேரு. புதன், அஞ்சு நாப்பது."

"ஆமா. எழுதியிருக்கேன்."

"எல்லாருக்கும் சட்டம் பேசினீங்களே மேடம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இத்தனை வருடம் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். ஒருவரை வெயிலில் நிற்க வைத்தாளாம். ஒருவரின் மகளைச் சத்தம் போட்டாளாம். கேட்கக் கேட்க எனக்கு உள்ளே குளிர்ந்தது என்றே சொல்ல வேண்டும். அவ்வளவு கெட்டவள் நான்.

அண்ணி அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, படம் எடுக்கும் முன் நோயாளியைப் பார்ப்பது போல, அசைகிறதா என்று பார்க்கிற பார்வை. நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவள் கையை நீட்டி நோட்டை வாங்கி, தன் பேர் மேல் தானே கோடு போட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

வீட்டில் என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை இல்லை. "என்ன, நடைக்குப் போகலையா?" என்று அடுத்த ஞாயிறு அண்ணன் கேட்டதற்கு, "கால் வலி" என்றாள். அந்தக் காலோடு காலை ஆறு மணிக்கு எழுந்து, போக இடமில்லாமல், வாசலில் இருந்த செருப்பையெல்லாம் எடுத்துக் கழுவிக் காயவைத்தாள். என் செருப்பையும்தான். அதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம்.

நான் நடைக்குப் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனேன். அங்கே எல்லாரும் கலகலப்பாக இருந்தார்கள். பூட்டு கழன்ற மாதிரி ஆளுக்கு ஆள் கயிற்றைத் தாண்டினார்கள். ஒருத்தி மரங்கொத்திப் பொந்துக்குள் டார்ச் அடித்தாள். "இப்பதான் நிம்மதியா இருக்கு" என்று வங்கிக்காரர் என்னிடம் சொன்னார், நான் அவளுடைய நாத்தனார் என்பதால் சேர்ந்து சிரிப்பேன் என்று நினைத்து. இரண்டு வாரம் நான் சிரிக்கவும் செய்தேன்.

மூன்றாவது ஞாயிறு ஒருவர் ஒரு புதருக்குள் கையை விட்டுக் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம் எடுங்க" என்றார். "விடுங்க அதை!" என்று ஒரு குரல் கத்தியது. என் குரல்தான். எனக்கே அது அண்ணி குரல் போல இருந்தது, அருவருப்பாக இருந்தது. எல்லாரும் திரும்பினார்கள். அந்த வேகத்திலேயே மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். கிளிப்பை மாட்டினது நான், வியாழக்கிழமை, நோட்டில் எழுதவில்லை, அண்ணி இல்லை.

வங்கிக்காரர் "அடடா" என்றார். என் பேர் மேல் கோடு போட்டார். அதே பேனாவால் கீழே அண்ணி பேரைப் புதிதாக எழுதினார். "அடுத்த வாரம் மேடமை வரச் சொல்லிடுங்க" என்றார், ஏதோ தபாலில் வந்த தவறைத் திருத்துவது போல.

திங்கட்கிழமை மத்தியானம் மருத்துவமனைக்குப் போனேன். வீட்டில் வைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சாப்பாட்டு நேரம், வெளியே பெஞ்சில் கைக்கட்டோடு ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்திருந்தார். அண்ணி உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன் அண்ணி. நேத்து, எல்லார் முன்னாடியும்."

"சரி."

"உங்களை வரச் சொல்றாங்க. பேரைத் திருப்பி எழுதிட்டாங்க."

"எழுதட்டும். நான் போகல." டப்பாவின் மூடியை அழுத்தினாள். "பதினாலு வருஷம் அவங்களோட நடந்திருக்கேன். ஒருத்தராவது 'நீங்களா செஞ்சீங்க'ன்னு கேட்டாங்களா? நீங்கதான்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் பல் டாக்டரைக் கேக்கல. போன வாரம் அவரு கிளினிக்குக்குப் போயிட்டு வந்தேன்."

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"வாயைத் தொறந்து வெச்சுக்கிட்டு எப்படிக் கேக்கறது? ஒரு பல்லைப் புடுங்கிட்டாரு." அதைச் சொல்லும்போதும் அவள் சிரிக்கவில்லை. "நீ சொல்லுவன்னு அன்னைக்கு நின்னேன். பக்கத்துலயே நின்ன. மூணு வாரம் ஆச்சு உனக்கு."

சண்டை போட வார்த்தை தேடினேன். அதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்த பாஷை.

"எத்தனை குஞ்சு?" என்றாள்.

"என்ன?"

"கூட்டுல. நான் வாலைத்தான் பாத்தேன். வேற யாரும் பாக்கல. நீ ஒருத்திதான் பாத்திருக்க. எத்தனை?"

"மூணு."

"கண்ணு தொறந்திருந்துச்சா?"

"தொறந்திருந்துச்சு."

"படம் எங்க?"

"அழிச்சிட்டேன்."

"நீயாவது அழிக்கறதாவது. குடு."

கேமரா பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, சின்னத் திரையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பெரிதாக்கினாள். ஒவ்வொரு வாயாக நகர்த்தினாள். தாயைப் பார்க்கவே இல்லை. கீழே, ஓரமாக, இருட்டாக இருந்த இடத்துக்குப் போனாள். அங்கேயே வெகுநேரம் நின்றாள். அவள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவாளோ என்று அந்த நிலைமையிலும் என் மனது ஒரு கணம் ஏங்கியது. வெட்கம் கெட்ட மனது.

"மூணு இல்ல" என்றாள். "நாலு."

திரையை என் பக்கம் திருப்பினாள். திறந்த வாய்களுக்கு அடியில், மற்றவற்றின் காலுக்குக் கீழே நசுங்கினாற்போல, மூடிய அலகு ஒன்று இருந்தது. இன்னும் திறக்காத கண். அந்தப் படத்தை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.

அண்ணி விளக்கைப் போட்டாள். கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு ஈய அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "வெளிய ஒருத்தர் கையை ஒடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. உள்ள வரச் சொல்லிட்டுப் போ" என்றாள். நான் போய் வரச் சொன்னேன்.